ஒரே ஒரு த்ரில்லர் கேம் வாங்கப் போகிறாய் என்றால்: கேத்தி ரெயினா, ஜெமினி ரூவா, வேறு ஏதாவதா?

போன மாதம் வியாசர்பாடியிலிருந்து என் சித்தி மகன் போன் செய்தான். காலேஜ் சேர்ந்த கையோடு ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய லேப்டாப் வாங்கியிருக்கிறான். நாலு ஜிபி ராம், தனியாக கிராபிக்ஸ் கார்டு இல்லை, டச்பேட் தானாக மனது வைத்தால்தான் வேலை செய்யும். “அண்ணா, கைல இருக்கிற காசுக்கு ஒரே ஒரு கேம்தான். த்ரில்லரா இருக்கணும். ஓடுறது சுடுறதெல்லாம் வேணாம், உக்காந்து யோசிக்கிற மாதிரி ஒண்ணு சொல்லு, ஆனா படுத்தா தூக்கம் வரக்கூடாது” என்றான்.

உடனே ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குப் பிடித்தது அவனுக்கும் ஒத்து வரும் என்று என்ன நிச்சயம்? அவன் வீடு எனக்குத் தெரியும். ஒரு ரூம், ஒரு சமையலறை. ஆயா ஒன்பதரைக்கே படுத்துவிடும், சித்தி சீரியல் முடித்துவிட்டு விளக்கை அணைக்கப் பதினொன்றாகிவிடும், அதற்கப்புறம்தான் சுவரோரம் சாய்ந்து லேப்டாப்பை மடியில் வைப்பான். ஆயா ராத்திரியில் தண்ணீர் கேட்டால் காதில் விழ வேண்டுமே என்று ஹெட்போனை ஒரு காதில் மட்டும்தான் மாட்டுவான். ஆங்கிலம் படித்தால் புரியும், வேகமாகப் பேசினால் பாதி நழுவிவிடும். அந்த இடத்தில், அந்த நேரத்தில் எந்த கேம் நிற்கும் என்பதுதான் கேள்வி. இணையத்தில் எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் கதை எப்படி, படம் எப்படி என்றுதான் இருக்கிறது. நான் முதலில் பார்ப்பது வேறு: இந்த கேம் என்னை எவ்வளவு நேரம் சும்மா நின்று யோசிக்க விடுகிறது?

பாயிண்ட்-அண்ட்-கிளிக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. திரையில் ஒரு அறை இருக்கும். மேஜை, அலமாரி, ஜன்னல், மூலையில் ஒரு ஆள். எதைத் தொட்டுப் பார்க்கிறாயோ அதைப் பற்றி ஏதாவது தெரியவரும், எடுக்க முடிந்ததை எடுத்துக்கொள்ளலாம், எடுத்ததை இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்கலாம், ஆளோடு பேசலாம். அவ்வளவுதான். சினிமாவில் நாயகி கதவைத் திறக்கும்போது “திறக்காதே” என்று நாம் கத்தினாலும் அவள் திறப்பாள். இங்கே கதவு சாத்தியபடியே இருக்கும். அரை மணி நேரம் ஆனாலும் அப்படியே இருக்கும். நீ கை வைத்தால்தான் திறக்கும், திறந்தது நீதான் என்பதும் உனக்குத் தெரியும். த்ரில்லருக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் வேறு இல்லை என்று நான் நம்புகிறேன்.

இன்னொரு நல்ல விஷயம், இந்த வகையில் உருப்படியானவை பெரும்பாலும் ஒருவர், இருவர், ஐந்தாறு பேர் சேர்ந்து செய்தவை. அதனால் பழைய லேப்டாப்பிலும் ஓடும். கிறிஸ் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ்காரர் 1997-இல் வெளியிட்ட அட்வென்ச்சர் கேம் ஸ்டுடியோ, சுருக்கமாக ஏஜிஎஸ், என்ற இலவச மென்பொருளில்தான் ஜெமினி ரூ, தி கேட் லேடி, கேத்தி ரெயினின் முதல் வடிவம் மூன்றுமே உருவாயின. பெரிய கம்பெனியின் பணம் இல்லாமல் ஒரு மாணவன் தன் அறையில் உட்கார்ந்து செய்த கேம், வியாசர்பாடியில் ஒருவனை ராத்திரி தூங்கவிடாமல் செய்கிறது என்பது எனக்கு இன்னும் பெரிய ஆச்சரியம்.

மாணவன் என்று சொன்னது ஜெமினி ரூவைத்தான். ஜோஷுவா நுயர்ன்பெர்கர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது செய்தது. 2010-இல் ஐஜிஎஃப் என்ற சுயாதீன கேம் விழாவின் மாணவர் பிரிவில் தேர்வானது, 2011-இல் வாட்ஜெட் ஐ கேம்ஸ் வெளியிட்டது. இருபத்து மூன்றாம் நூற்றாண்டில் நடக்கும் கதை. பராக்கஸ் என்ற கிரகத்தில் ஓயாத மழை. அஸ்ரியல் ஓடின் முன்பு கூலிக்குக் கொலை செய்தவன், இப்போது போலீஸ், கூடப் பிறந்தவனைத் தேடி வந்திருக்கிறான். சந்திக்க வேண்டிய ஆள் வரவில்லை. இன்னொரு பக்கம், எங்கோ ஒரு சிறை மாதிரியான இடத்தில், நினைவை முழுவதும் அழித்துவிட்டு எழுப்பப்பட்ட டெல்டா-சிக்ஸ் என்ற ஒருவன். இரண்டு பேருக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் கதை. ஒரு கட்டத்துக்குப் பிறகு நாமே இவனிடமிருந்து அவனுக்கும் அவனிடமிருந்து இவனுக்கும் மாறி மாறிப் போகலாம்.

நான் இதை ஆடியது ஒரு நவம்பரில், தண்டையார்பேட்டை வீட்டு மாடியில், தகர ஷீட் போட்ட ரூமில். வெளியே அடைமழை. திரையில் அஸ்ரியல் ஒரு கட்டடத்தின் வாசலில் ஒதுங்கி நிற்கிறான், மேலே ஷீட்டில் படபடவென்று தண்ணீர் கொட்டுகிறது, ஸ்பீக்கரில் வருவது எது, தலைக்கு மேல் விழுவது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒலியைக் குறைத்துப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. அந்த ராத்திரியை நான் மறக்கவே மாட்டேன். துப்பறியும் முறையும் அருமை: ஒரு பெயர் கிடைக்கிறது, அதைப் பொதுக் கணினியில் தேடி முகவரி எடுக்கிறாய், அந்த முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டுகிறாய், அங்கே இன்னொரு பெயர். பார்க்க ஒன்று, கையால் தொட ஒன்று, பேச ஒன்று, காலால் உதைக்க ஒன்று என்று தனித்தனிக் குறிகள் வேறு. உதைத்தால்தான் திறக்கும் கதவை எத்தனை முறை கையால் தட்டினாலும் பிரயோஜனமில்லை.

அப்படியென்றால் இதையே வாங்கச் சொல்லலாமே என்றால், சண்டை. நடுநடுவே துப்பாக்கிச் சண்டை வருகிறது. மறைவில் நின்று, எட்டிப் பார்த்து, சுட்டு, மறுபடி ஒளிந்து, குண்டு நிரப்பி, எல்லாம் கீபோர்டில், நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். அதிக இடங்களில் இல்லை என்பது உண்மை, தோற்றால் மறுபடி முயலலாம் என்பதும் உண்மை. ஆனால் யோசித்துக்கொண்டிருந்த மனதை அது பட்டென்று உலுக்கி எடுத்துவிடுகிறது. பக்கத்தில் ஆயா தூங்கும்போது கீபோர்டை டக்டக்கென்று தட்டும் வேலை அவனுக்கு வேண்டாம் என்று நினைத்தேன். அவனே “சுடுறது வேணாம்” என்றுதானே கேட்டான்.

சரி, கேத்தி ரெயின். ஸ்வீடனின் கிளிஃப்டாப் கேம்ஸ் செய்தது, முதலில் வந்தது 2016-இல். 2021-இல் டைரக்டர்ஸ் கட் என்று காட்சிகளும் முடிவும் விரிவாக்கப்பட்ட வடிவம் வந்தது, வாங்குவதானால் அதைத்தான் வாங்க வேண்டும். 2025-இல் இரண்டாம் பாகமும் வந்துவிட்டது, ஆனால் முதலாவதிலிருந்து தொடங்குவதுதான் முறை.

1995-இல் நடக்கிறது. கேத்தி இதழியல் படிக்கும் மாணவி, பைக் ஓட்டுவாள், வாய் கொஞ்சம் துடுக்கு. பல வருஷமாகப் பார்க்காத தாத்தா இறந்துவிட்டார் என்று தெரிந்து, பிறந்த ஊரான கான்வெல் ஸ்பிரிங்ஸுக்குச் சாவுக்குப் போகிறாள். அங்கே பாட்டி சொல்லித்தான் தெரிகிறது: 1981-இல் ஒரு ராத்திரி தாத்தாவுக்கு என்னமோ நடந்திருக்கிறது. அதன் பிறகு அவர் பேசவில்லை, நடக்கவில்லை, சக்கர நாற்காலியிலேயே மிச்ச வாழ்க்கை கழிந்துவிட்டது. அந்த ராத்திரி என்ன நடந்தது? கேத்தியின் வேலை அவ்வளவுதான்.

இந்தக் கதைக்குள் நுழைய நமக்கு விளக்கமே தேவையில்லை என்பதுதான் எனக்கு முதலில் பிடித்தது. சாவு வீட்டுக்குப் போகிறோம், ரொம்ப நாள் போகாத வீடு, பாட்டி முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது, “இத்தனை வருஷம் எங்கே போயிருந்தே” என்று யாரும் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் அந்தக் கேள்வி வீடு முழுக்க நிற்கிறது. தாத்தாவுக்கு என்ன ஆனது என்று ஊரில் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும், யாரும் முழுசாகச் சொல்ல மாட்டார்கள். இப்படி ஒரு சேதி இல்லாத குடும்பம் எங்கள் பக்கம் உண்டா? எங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது, அது இங்கே வேண்டாம்.

இரண்டாவது அந்த நோட்டுப் புத்தகம். கேத்திக்குத் தெரியவரும் ஒவ்வொரு விஷயமும் அதில் ஒரு தலைப்பாக ஏறிவிடும். யாரைச் சந்தித்தாலும் நோட்டைத் திறந்து, அந்தத் தலைப்பைத் தொட்டு, அதைப் பற்றிக் கேட்கலாம். ஒரே விஷயத்தைப் பாட்டியிடம் கேட்டால் ஒரு பதில், போலீஸிடம் கேட்டால் இன்னொன்று. ஆங்கில வசனத்தில் ஒரு வரி நழுவிப் போனாலும் எதைப் பற்றிப் பேசினார்கள் என்பது நோட்டில் இருக்கிறது, கையை விட்டுப் போகாது. வேகமாக ஓடும் ஆங்கிலத்துக்குப் பழகாதவனுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை, அப்படிப்பட்டவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். முக்கால்வாசி வரை கால் தரையில் ஊன்றி நடக்கும் விசாரணை, கடைசியில் கனவு மாதிரியான இடத்துக்குப் போய்விடுகிறது. அங்கே புதிர்களும் ஆளைப் பார்த்து, பேச்சைக் கேட்டு அவிழ்ப்பவையாக இல்லை. புது வடிவத்தில் முடிவை நீட்டி விளக்கியிருக்கிறார்கள், ஆனாலும் முதல் பாதியின் பிடி கடைசியில் இல்லை என்பது என் கருத்து. அப்படியும் இதை முன்னால் நிறுத்துகிறேன், ஏனென்றால் அவசரப்படுத்தாமல் உட்கார வைத்துப் பயமுறுத்துவதில் நான் ஆடியவற்றில் இதற்கு ஈடு குறைவு.

தி கேட் லேடி பற்றிப் பலர் அவனிடம் சொல்லியிருக்கிறார்கள் போல, “அது செமயா இருக்குமாமே” என்று கேட்டான். உண்மைதான், வலுவான கேம். ரெமிகியுஷ் மிகல்ஸ்கி என்ற ஒரே ஆள் எழுதி, வரைந்து 2012-இல் கொண்டுவந்தது. சூசன் ஆஷ்வொர்த், நாற்பது வயது, யாருமற்ற பெண். தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் இடத்தில்தான் கதையே தொடங்குகிறது, பிறகு அவள் திருப்பி அனுப்பப்படுகிறாள். மனச்சோர்வை இவ்வளவு நேர்மையாகப் பேசிய கேம்கள் குறைவு. கடைசி வரை போனவர்களுக்கு அதில் ஆறுதலும் இருக்கிறது. ஆனால் வழியில் உள்ள காட்சிகள் கொடூரமானவை. மனது சரியில்லாத சமயத்தில், ராத்திரி தனியாக, இதை எடுக்க வேண்டாம் என்று அவனிடம் நேராகவே சொன்னேன், இதைப் படிக்கிற யாருக்கும் அதையேதான் சொல்வேன். மனது தாங்கும் என்று தெரிகிற காலத்தில் எடுங்கள், அப்போது அது கொடுப்பது நிறைய. இன்னொன்று, இதில் மவுஸே கிடையாது, கீபோர்டு மட்டும் போதும். டச்பேட் செத்துப்போன லேப்டாப் வைத்திருப்பவர்கள் கவனிக்கலாம்.

அதே மாதிரி ஃபிரான் போ. 2015, இதுவும் ஸ்வீடன். படத்தைப் பார்த்தால் குழந்தைகள் கதைப் புத்தகம், பூனையைத் தேடும் பத்து வயதுச் சிறுமி. மாத்திரை போட்டதும் அதே அறை ரத்தமாக மாறும். படத்தை நம்பி வீட்டுச் சிறுசுகளிடம் கொடுத்துவிடாதீர்கள். இவனுக்கு இது சரிப்படாது என்று தோன்றியதால் அதற்குமேல் யோசிக்கவில்லை.

தி கேஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல் வேறு ரகம், நான்கைந்து பேர் சேர்ந்து உட்காரும் வீட்டுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். லாட்வியாவைச் சேர்ந்த சகோதரர்கள் இருவர் செய்து 2022-இல் வெளிவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் பன்னிரண்டு சாவுகள். ஒவ்வொன்றும் உறைந்து நிற்கும் ஒரு கணம்: முதல் காட்சியிலேயே பாறை உச்சியிலிருந்து ஒருவன் இன்னொருவனைத் தள்ளிவிடுகிறான், தள்ளப்பட்டவன் அந்தரத்தில் நிற்கிறான். நாம் சட்டைப் பையைத் துழாவி, கடிதத்தைப் படித்து, பெயர்களையும் வினைச்சொற்களையும் பொறுக்கி, கீழே உள்ள வாக்கியத்தின் கோடிட்ட இடங்களை நிரப்ப வேண்டும். யார், யாரை, எதனால், எதற்காக. இரண்டு அல்லது அதற்கும் குறைவான தவறு இருந்தால் அதை மட்டும் கேம் சொல்லும், எது தவறு என்று சொல்லாது. அந்த ஒரு ஏற்பாடு போதும், ரூமில் சண்டை மூள்வதற்கு. எங்கள் வீட்டில் என் தங்கை ஒரு பெயரை மாற்றச் சொன்னாள், நான் மாட்டேன் என்றேன், இருபது நிமிடம் வாக்குவாதம், கடைசியில் அவள் சொன்னதே சரி. நேரக்கட்டுப்பாடு எதுவும் இல்லை, ஒலியே இல்லாமலும் ஆடலாம். ஆனால் விளையாட்டு முழுக்க ஆங்கிலச் சொற்களின் மேல் நிற்கிறது, ஒரு வினைச்சொல்லின் பொருள் சரியாகப் பிடிபடாவிட்டால் புத்தி இருந்தும் மாட்டிக்கொள்வோம். தனியாக, தூக்கக் கண்ணோடு ஆடுகிற ஒருவனுக்கு அது பரீட்சைத் தாள் மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். முன்னோட்டப் பகுதி இலவசமாகக் கிடைக்கிறது, சந்தேகம் இருப்பவர்கள் அதை ஆடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

ஆங்கிலமே பிரச்சினை என்றால் ரஸ்டி லேக் பக்கம் போக வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் ஒரு சின்னக் குழு 2015-இலிருந்து செய்துவரும் தொடர், பேச்சு மிகக் குறைவு, எல்லாம் பொருள்களாலும் குறிகளாலும் நகர்வது. போனில் க்யூப் எஸ்கேப் வரிசையில் பெரும்பாலானவை இலவசம். பூட்டிய அறையில் கண் விழிக்கும் துப்பறிவாளனின் கதையான க்யூப் எஸ்கேப்: பாரடாக்ஸ் 2018-இல் வந்தது, அதன் முதல் அத்தியாயத்துக்குக் காசு வேண்டாம், பைசா செலவு செய்வதற்கு முன்னால் இந்த வகை உனக்கு ஒத்து வருமா என்று பார்க்க அதைவிட நல்ல சோதனை கிடையாது.

அந்தக் குழுவே 2022-இல் கொடுத்த தி பாஸ்ட் விதின் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இது இரண்டு பேர் மட்டுமே ஆடக்கூடியது, தனியாக ஆடவே முடியாது. ஒருவர் கடந்த காலத்தில், ஒருவர் எதிர்காலத்தில். ஆளுக்கு ஒரு கருவி, ஆளுக்கு ஒரு பிரதி, ஒருவர் திரையை மற்றவர் பார்க்கக் கூடாது. இவர் திரையில் தெரிவது அவருக்குத் தேவை, அவர் திரையில் இருப்பது இவருக்குத் தேவை, வாயால் சொல்லித்தான் கடத்த வேண்டும். கேமுக்குள் இணைய இணைப்பே தேவையில்லை, சாதாரண போன் கால் போதும். போன்காரனும் கம்ப்யூட்டர்காரனும்கூடச் சேர்ந்து ஆடலாம்.

நானும் இவனும் தண்டையார்பேட்டையும் வியாசர்பாடியுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை ஆடினோம். என் திரையில் ஒரு குறி. எப்படிச் சொல்வது? “சிக்குக் கோலத்துல ஓரத்துல ஒரு வளைவு வரும்ல, அது மாதிரி” என்றேன். “எந்தப் பக்கம் வளையுது?” “சோத்தாங்கைப் பக்கம்.” “அப்படி இங்க ரெண்டு இருக்குதே, ஒண்ணுல கீழ வால் தொங்குது.” இப்படியே போகிறது. உரையாடலை நாமே பேசுகிறோம், அதனால் இந்த கேமின் மொழி நம் வீட்டுத் தமிழ்தான். இந்த வகையில் வேறு எந்த கேமும் எனக்கு இந்த சந்தோஷத்தைத் தரவில்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆனால் பக்கம் மாற்றி மறுபடி ஆடினால் புதிர்களுக்கு விடைகள் வேறாக இருக்கும். இவனுடைய ஒரே கேமாக இதை நான் சொல்லாததற்குக் காரணம் ஒன்றுதான்: ராத்திரி பதினொன்றுக்கு மேல் அவன் வாய்திறந்து பேச முடியாது.

வாங்குவதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ரூபாயிலேயே விலை இருக்கிறது, யுபிஐயில் கட்டலாம். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம், லேப்டாப் தாங்குமா என்ற பயம் இருப்பவர்களுக்கு அது போதுமான அவகாசம். தள்ளுபடிக் காலத்தில் இந்த மாதிரிப் பழைய கேம்கள் நன்றாக இறங்கும், பொறுக்க முடிந்தால் பொறுக்கலாம். காசே இல்லை என்றாலும் வழி இருக்கிறது: ஏஜிஎஸ்-இல் செய்து 2003-இல் வந்த 5 டேஸ் எ ஸ்ட்ரேஞ்சர் முழுக்க இலவசம், திருடப் போன பங்களாவில் மாட்டிக்கொள்ளும் ஒருவனின் கதை. படம் ரொம்பப் பழசாகத் தெரியும், பயம் பழசாகவில்லை. அப்புறம் டச்பேடை நம்பாமல் ஒரு சாதாரண மவுஸ் வாங்கிக்கொள்.

இவ்வளவையும் அவனிடம் சொல்லி, கேத்தி ரெயின் என்றேன். அது பிடித்தால் அடுத்தது ஜெமினி ரூ, அதையும் மழைக்காலத்துக்கு வைத்துக்கொள், கோல்டன் ஐடல் பொங்கல் லீவுக்கு எல்லோரும் சேரும்போது.

ஒரு வாரம் கழித்து ராத்திரி பன்னிரண்டரைக்கு அழைப்பு. கிசுகிசுவென்று பேசினான். ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டானாம், விடையைச் சொல்லு என்றான். நோட்டில் எந்தத் தலைப்பை இன்னும் யாரிடம் கேட்கவில்லை என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. “ஐயோ, பாட்டிகிட்ட கேக்கவே இல்லையே” என்று சத்தமாகச் சொல்லிவிட்டான்.

பின்னால் ஆயாவின் குரல் கேட்டது. “என்னாடா என்கிட்ட கேக்கல?”

போனை வைத்துவிட்டான். மறுநாள் சித்தி சொன்னார், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஆயாவும் எழுந்து உட்கார்ந்து, இவன் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்ததாம். காலையில் ஆயா கேட்ட முதல் கேள்வி, “அந்தத் தாத்தா அன்னைக்கு ராத்திரி எங்கதான்டா போனாரு?”